‘என்பர்’ என்று ஒரு சொல்

2019இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய தமிழ்ப் பாடநூல் வந்தது. ஒரே புத்தகத்துக்குள் திருவிளையாடற் புராணமும் தேம்பாவணியும் இருந்தன. நான் அப்போது அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. இரண்டுமே எனக்குப் பிடித்த நூல்கள் என்பதால், அந்த ஆண்டு மிகுந்த உற்சாகத்தோடு வகுப்புக்குப் போனேன்.

முதலில் இடைக்காடனார் கதை. புலவரின் பாடலைப் பாண்டியன் பொருட்படுத்தவில்லை. மனம் நொந்த புலவர் இறைவனிடம் முறையிட்டார். இறைவன் கோயிலை விட்டு நீங்கி வைகையின் தென்கரையில் போய்த் தங்கினார். மன்னன் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினான். என் பாட்டி மடியில் கிடந்து கேட்ட கதை அது. அவர் சொன்ன அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

சில வாரங்கள் கழித்துத் தேம்பாவணி. அந்தக் காப்பியத்தின் தலைவர், இயேசுவின் வளர்ப்புத் தந்தையான, வளன் எனப்படும் சூசையப்பர் யார் என்று அறிமுகம் செய்ய வேண்டியிருந்தது. ‘சூசையப்பரின் கனவில் வானதூதர் தோன்றியதாகக் கிறித்தவர்கள் நம்புகிறார்கள்’ என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும் சொன்னேன்.

பின்வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். “அம்மா, ஒரு சந்தேகம். இடைக்காடனார் பாடத்தில் இறைவன் கோயிலை விட்டுப் போனார் என்று எழுதச் சொன்னீர்கள். இங்கே மட்டும் நம்புகிறார்கள் என்று எழுதச் சொல்கிறீர்கள். அது நடந்தது, இது நம்பிக்கை என்று தேர்வில் வேறுபடுத்தி எழுத வேண்டுமா?”

அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பது இங்கே தேவையில்லை. குறை சொல்லும் எண்ணம் அவனிடம் துளியும் இல்லை. மதிப்பெண் போய்விடுமோ என்ற கவலையில்தான் கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் சரி. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவனை உட்காரச் சொன்னேன்.

அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவள். எந்த மதத்தையும் இழித்து ஒரு சொல் சொன்னதில்லை. ரம்ஜானுக்கு மறுநாள் வராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. என்னை நடுநிலையானவள் என்றே நம்பியிருந்தேன். ஆனால் என் சார்பு ஒரு வினைமுற்றில் ஒளிந்திருந்தது. என் வீட்டுக் கதைக்கு ‘போனார்’. பிறர் வீட்டுக் கதைக்கு ‘நம்புகிறார்கள்’. முதலாவது வரலாறாகவும் இரண்டாவது கேள்விப்பட்ட செய்தியாகவும் பிள்ளைகளின் குறிப்பேடுகளில் மையால் பதிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை குறிப்பேடுகள் என்று நினைத்தபோது மனம் கனத்தது.

மறுநாள் வகுப்பில் தொல்காப்பியத்தில் இருந்து தொடங்கினேன். தொல்காப்பியர் எத்தனையோ நூற்பாக்களை ‘என்ப’ என்றும் ‘என்மனார் புலவர்’ என்றும் முடிக்கிறார். ‘இவ்வாறு சொல்வார்கள் புலவர்கள்’ என்று பொருள். தமக்கு முன் இருந்தவர் சொன்னதை அவர் பெயரில் வைத்துவிட்டு, தாம் ஒதுங்கி நிற்கிறார். இலக்கணம் எழுதியவருக்கே அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது. எனக்குத் தேவைப்படாமல் போகுமா? இரண்டு பாடங்களின் குறிப்பையும் திருத்தி எழுதச் செய்தேன். ‘இறைவன் கோயிலை விட்டு நீங்கி வைகையின் தென்கரையில் தங்கினார் என்று பரஞ்சோதி முனிவர் பாடுகிறார்.’ ‘வானதூதர் தோன்றினார் என்று வீரமாமுனிவர் பாடுகிறார்.’ இரண்டுக்கும் ஒரே வாய்பாடு. கேள்வி கேட்டவன் நிம்மதியாக எழுதிக்கொண்டான்.

அதன்பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். அதுவரை பணிப்பயிற்சி எதிலும் இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் மத போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பிற பள்ளிகளில், மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி ஒரு பிள்ளையைப் பெற்றோரின் இசைவில்லாமல் வற்புறுத்தக் கூடாது. போதனை என்ற சொல்தான் இங்கே உயிர். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, மதக்கல்வி வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு என்று பிரித்துக் காட்டியது. 1971இல் பஞ்சாபில் இருந்து வந்த டி.ஏ.வி. கல்லூரி வழக்கில், குருநானக்கின் வாழ்வையும் கருத்துகளையும் பல்கலைக்கழகத்தில் ஆராய்வது மத போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2000ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை எதிர்த்து அருணா ராய் தொடுத்த வழக்கிலும் 2002இல் இதே வேறுபாடு உறுதியானது. ஆனால் போதனைக்கும் படிப்புக்கும் நடுவில் உள்ள கோடு மிக மெல்லியது என்ற எச்சரிக்கையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதைப் படித்தபோது, அந்தக் கோட்டை ஆண்டுக்கணக்காக மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறேன் என்று உணர்ந்தேன்.

கோடு மெல்லியது என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று நினைப்பவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருந்தார்கள். ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் சமணம், பௌத்தம், ஆசீவகம் பற்றிய பாடம் உண்டு. “வினா விடையை மட்டும் எழுதிப் போட்டுவிடுங்கள் டீச்சர், எதற்கு வம்பு?” என்று மூத்தவர் ஒருவர் புதிதாக வந்த ஆசிரியைக்கு அறிவுரை சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவர் அச்சத்தை நான் இளக்காரமாக எண்ண மாட்டேன். 2008இல் கேரளத்தில் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் ‘மதமில்லாத ஜீவன்’ என்று ஒரு பாடம் வந்தது. வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த தாயும் தந்தையும் மகன் ஜீவனைப் பள்ளியில் சேர்க்க வருகிறார்கள். மதம் என்ன என்று தலைமையாசிரியர் கேட்கிறார். மதம் இல்லை என்று போட்டுக்கொள்ளுங்கள், வளர்ந்தபின் வேண்டுமானால் அவனே தேர்ந்துகொள்ளட்டும் என்கிறார்கள். பாடம் அவ்வளவுதான். மாநிலமே கொந்தளித்தது. மலப்புறம் மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்சி நடந்த இடத்தில் போராட்டக்காரர்கள் தாக்கியதில் ஒரு தலைமையாசிரியர் உயிரிழந்தார். பயிற்சிக்குப் போன மனிதர் அவர். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

என்றாலும் தாண்டிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழாசிரியர் எதைத் தாண்டிப் போவது? நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் சமணர். மணிமேகலை பௌத்தக் காப்பியம். சீறாப்புராணம் எழுதிய உமறுப் புலவர் அரபு நாட்டைப் பாட வரும்போது ஆறு பாய்ந்து நெல் விளையும் மருத நிலமாகவே அதைப் பாடுகிறார். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் யூதேயாவைப் பாடும்போதும் அதையேதான் செய்கிறார். பாலைவனத்து நபிக்கும் நாசரேத்துத் தச்சர் சூசையப்பருக்கும் தமிழ்க் காப்பிய மரபு ஒரே வயலைக் கொடுத்திருக்கிறது என்று சொல்லும்போது பிள்ளைகளின் கண்கள் விரிவதை நான் பார்த்திருக்கிறேன். வம்பு வேண்டாம் என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டால், பக்கத்து இருக்கைக்காரன் வீட்டில் எதை வணங்குகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தெருவில் இருந்தும் கைப்பேசியில் இருந்தும்தான் கற்பார்கள். அங்கே ‘என்பர்’ கிடையாது.

என்னால் பதில் சொல்ல முடியாமல் போன ஒருவரைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரு மாணவியின் தந்தை. மிக மரியாதையானவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மகள் ஒப்பிக்க வேண்டிய மனப்பாடப் பாடல், அவர்கள் வணங்காத ஒரு தெய்வத்தைப் போற்றும் பாடல். “என் பெண் இதைச் சொல்லத்தான் வேண்டுமா அம்மா?” என்று கேட்டார். நான் பொறுமையாக விளக்கினேன். அவளை வேண்டிக்கொள்ளச் சொல்லவில்லை, ஒரு கவிஞர் எப்படி வேண்டினார் என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறோம் என்றேன். பாட்டின் சொல்லழகைப் பற்றியும் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “பாடம் நடத்தும்போது நீங்கள் ‘கவிஞர் சொல்கிறார்’ என்று சேர்த்துச் சொல்லலாம். ஒப்பிக்கும்போது அவள் வாய் ‘உன்னை வணங்குகிறேன்’ என்றுதானே சொல்கிறது?” என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. விளக்கத்தில் ‘என்பர்’ போடலாம். தன்மை ஒருமையில் அமைந்த பாட்டுக்குள் அதைப் போட இடமில்லை. தேர்வு முறை அது, அதை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. அதையே அவரிடமும் சொன்னேன். அவர் முகம் வாடியது. அந்தப் பெண் பாடலை ஒப்பித்தாள், மதிப்பெண்ணும் வாங்கினாள். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவர் போன பிறகு, 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிஜோ இம்மானுவேல் வழக்கு நினைவுக்கு வந்தது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. பாடாமல் இருந்ததற்காக நீக்கியது தவறு என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பெழுதி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். என் மாணவியின் வழக்கு வேறு, அது தேர்வுக்கான பாடல். ஆனால் ஒரு குழந்தையின் வாயில் எந்தச் சொல்லை வைக்கிறோம் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. மனப்பாடத்துக்கு இரண்டு பாடல்களைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள விட்டால் என்ன என்று ஒரு பயிற்சிக் கூட்டத்தில் கேட்டேன். எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். இன்றும் அது நியாயமான யோசனை என்றே நினைக்கிறேன்.

2024இல் சென்னையில் இரண்டு அரசுப் பள்ளிகளில் ஒரு பேச்சாளர் மாணவர்களிடையே பேசினார். முற்பிறவியின் பாவத்தால்தான் சிலர் உடற்குறையோடு பிறக்கிறார்கள் என்ற பொருளில் பேச, பார்வை இழந்த ஆசிரியர் ஒருவர் எழுந்து, பள்ளியில் இப்படிப் பேசலாமா என்று கேட்டார். பேச்சாளர் கைது செய்யப்பட்டார், தலைமையாசிரியர்கள் இடமாற்றப்பட்டார்கள், அரசு நெறிமுறைகளை அறிவிப்பதாகச் சொன்னது. எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு நாள் அதே பேச்சு. ஒருவர் என்னைப் பார்த்து, “நீங்களும்தான் மணிமேகலையில் முற்பிறவி நடத்துகிறீர்கள்” என்றார்.

நடத்துகிறேன். மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்ட மணிமேகலை தன் முற்பிறப்பை அறிகிறாள். அப்பிறப்பில் அவள் பெயர் இலக்குமி, கணவன் பெயர் இராகுலன். சாத்தனார் இப்படிப் பாடுகிறார், பௌத்தர்கள் வினையையும் பிறவியையும் இவ்வாறு விளக்கினார்கள், இதை மறுத்தவர்களும் அக்காலத்திலேயே இருந்தார்கள் என்று நடத்துகிறேன். அப்போது என் வகுப்பில் ஊன்றுகோல் வைத்து நடக்கும் மாணவி ஒருத்தி இருந்தாள். முதல் வரிசைதான் அவள் இடம். அவளுக்கு முன்னால் நின்று ‘நீ செய்த பாவம்’ என்று சொல்வதும், ‘அக்காலத்தில் இப்படியும் நம்பினார்கள், நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்பதும் எப்படி ஒன்றாகும்? கேட்டபோது அவள், “மணிமேகலை அதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்றவர்களுக்குச் சோறு போடத்தானே போனாள் அம்மா” என்றாள். எனக்கு அது தோன்றியதே இல்லை. சாத்தனாரின் காப்பியத்துக்கு அவ்வளவு சுருக்கமான உரையை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

அந்த ஆண்டில் இருந்து ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். குறிப்பேட்டின் இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் ‘யார் சொல்கிறார்?’ என்று பிள்ளைகளே எழுத வேண்டும். முதலில் சலித்துக்கொண்டார்கள். பிறகு அது விளையாட்டாகிவிட்டது. ‘சேக்கிழார்’, ‘உமறுப் புலவர்’, ‘கல்வெட்டு’, ‘பாடநூல்’ என்று ஓரங்கள் நிறைந்தன. ‘எங்கள் ஆயா’ என்று ஒருவன் எழுதியிருந்தான். அதையும் சரி என்று குறியிட்டேன், அவன் ஆயாதானே சொன்னார்.

என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டில் குறிப்பேடுகள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்தி இலக்கியம் பற்றி நான் சொல்ல அவர்கள் எழுதிய பத்தி. ‘உலகில் வேறெந்த மொழியிலும் இத்தனை உருக்கமான பக்திப் பாடல்கள் இல்லை’ என்ற வரியின் ஓரத்தில் ஒரு மாணவி பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘யார் சொல்கிறார்? தமிழம்மா.’

எனக்குத் தமிழும் ஆங்கிலமும்தான் தெரியும். சிவப்புப் பேனாவை எடுத்து அந்த ஓரத்தில் ‘சரி’ என்று போட்டேன். மறுநாள் வகுப்புக்குப் போய் அந்த வரியை எல்லோரையும் அடிக்கச் சொன்னேன்.