அக்காவின் கண்ணும் உப்பு ஜாடியும்

மார்ச் 4
கண்ணாடி மாற்றச் சென்ற அக்காவுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த கண் மருத்துவர், இரண்டு கண்களிலும், மேலே நெற்றிப்பொட்டுப் பக்கமாக, விழித்திரைக்கு அடியில் மஞ்சள் கலந்த வெண்திட்டுகள் இருப்பதாகச் சொன்னார். வேறிடத்துப் புற்றுநோய் கண்ணுக்குப் பரவினாலும் இப்படித் தெரியலாம் என்பதால் ஸ்கேன் எழுதித் தந்தார். வீடு வந்து சேரும்வரை அக்கா வாய் திறக்கவில்லை.

மார்ச் 6
மூடிய இமையின்மேல் ஜெல் தடவிக் கருவியை வைத்ததும், திட்டு இருந்த இடம் திரையில் பளீரென்று வெளுத்தது; ஒலியலை அதைத் தாண்ட முடியாததால் பின்னால் கறுப்பு நிழல் விழுந்தது. அந்த நிழல்தான் அங்கே கால்சியம் படிந்திருப்பதன் அடையாளம். புற்றுநோய் இல்லை, பார்வையையும் பெரும்பாலும் கெடுக்காது. வயதானவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லாமலேயே இது வருவதுண்டு என்பதால், அத்தோடு எங்களை அனுப்பியிருக்கலாம். ஆனால் கண் மருத்துவர், இரத்தத்தில் கால்சியம், அதன் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றையும் பார்க்கச் சொன்னார். அந்த ஒரு வரிக்கு நான் என்றும் நன்றியுடையவன்.

மார்ச் 11
பொட்டாசியம் 2.7, மக்னீசியம் 1.1; இரண்டுமே குறைவு. சிறுநீரில் வெளியேறும் கால்சியமும் மிகக் குறைவு. கிட்டல்மேன் நோயாக இருக்கும் என்ற சிறுநீரக மருத்துவர், மரபணுச் சோதனைக்கும் அனுப்பியிருக்கிறார். 1966இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோயில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுப் பிரதி வந்து சேர்வதால், சிறுநீரகத்தின் நுண்குழாய் உப்பைத் திரும்ப உறிஞ்சாமல் விட்டுவிடுகிறது. அதன் தொடர்ச்சியாகப் பொட்டாசியமும் மக்னீசியமும் வீணாகின்றன. உடலில் உருவாகும் பைரோபாஸ்பேட் என்ற பாஸ்பேட் சேர்மத்தைச் சிதைக்கும் நொதிக்கு மக்னீசியம் வேண்டும். அது குறைந்தால் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகமாகி மூட்டுகளில் படிகிறது. கண்ணில் படிவதும் இவ்வழியில்தான் என்று கருதுகிறார்கள். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அக்கா துடித்ததையும், முழங்கால் வீங்கியதையும் இருபது ஆண்டுகளாக நாங்கள் "சத்துக் குறைவு" என்றே சொல்லிவந்தோம். ஒருமுறைகூட மக்னீசியத்தைப் பார்க்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மார்ச் 19
உடன்பிறந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் என்ற வாய்ப்பு இருப்பதால் நானும் இரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. மக்னீசிய மாத்திரையை மொத்தமாகப் போட்டால் வயிற்றுப்போக்கு வருவதால், அக்கா நான்கு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுகிறார். உப்பை வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதும் அக்காவின் கண் கலங்கிவிட்டது. சிறுமியாக இருந்தபோது கல்லுப்பை வாயில் போட்டுக்கொண்டு அடி வாங்கியவர். அம்மா ஜாடியைப் பரண்மேல் ஒளித்து வைத்தது எனக்கும் நினைவிருக்கிறது. "தம்பி, அன்றைக்கும் எனக்கு அது தேவைப்பட்டிருக்கிறதடா" என்றார். இன்று மதியம் தயிர்சாதத்துக்கு உப்பு மாங்காய் வைத்தேன். ஜாடியையும் இலைக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.