இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்

"இனிமே இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்." அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அதில் அந்த ‘எல்லாம்’ எதற்கு வந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைக்கு இரண்டு வயது. இடது கையை லேசாக மடக்கி வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். வீக்கம் இல்லை, ஆனால் கையைத் தொட்டால் வீறிட்டாள். முழங்கை பிசகியிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முன்கை எலும்பின் தலையை வளையம் மாதிரி சுற்றிப் பிடித்திருக்கும் தசைநார் இந்த வயதில் தளர்வாக இருக்கும்; கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாலோ தூக்கினாலோ அது நழுவி மூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். ஐந்து வயதுக்கு மேல் இறுகிவிடும், அப்புறம் இது அபூர்வம். கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்கிற மாதிரி கையைத் திருப்பினேன். விரலுக்கடியில் சின்னதாக ஒரு ‘டக்’. பத்து நிமிஷத்தில் அதே கையை நீட்டி நர்ஸ் கொடுத்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள்.

எப்படி ஆச்சு என்று கேட்டேன். அப்பா லாரி டிரைவர், வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர இருபது நாள் ஆகும். "ரெண்டு கையையும் பிடிச்சு ராட்டினம் சுத்துனேன் சார். நான் வந்தாலே பாப்பாவுக்கு அதுதான் வேணும்" என்றார். அதற்குத்தான் என் பதில். "சரிங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

நான் சொன்னது தப்பில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு தடவை நழுவிய கை மறுபடியும் நழுவுவது சகஜம். வெளியே ஒரு ஆக்சிடென்ட் கேஸ் வந்து இறங்கியிருந்தது, நின்று விளக்க நேரமில்லை. ஆனால் "கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க, சுத்தாதீங்க, அக்குள்ல கை கொடுத்துத் தூக்குங்க" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? அந்த வாக்கியத்தை வீட்டில் சொல்லியே பார்த்தேன். ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

இரண்டு மாசம் கழித்து பாட்டிக்குக் காய்ச்சல் என்று எல்லோருமாக வந்திருந்தார்கள். பாப்பாவின் அம்மாதான் அடையாளம் கண்டு பேசினார். "அன்னைக்கு நீங்க சொன்னதுல இருந்து அவரு புள்ளையத் தூக்கறதே இல்லீங்க சார். வந்தா போனக் கையில குடுத்து உக்கார வெச்சிடறாரு." அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். பாப்பா அவர் காலடியில் போய் நின்று இரண்டு கையையும் மேலே நீட்டினாள். அவர் குனிந்து தலையைத் தடவிவிட்டு, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார்.

2010-ல் இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் செய்த ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தேன். கைக்குழந்தையை நிறையக் கொஞ்சி அணைத்த அம்மாக்களுக்கு, பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடியது. அப்பாக்களில் அது கூடியது, துறுதுறுவென்று விளையாட்டுக் காட்டியவர்களுக்கு. மாசத்தில் நாலைந்து நாள் மட்டும் வீட்டில் இருக்கிற மனிதருக்கு மகளிடம் போக இருந்த வழி அந்த ராட்டினம்தான். அன்றைக்கு ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய் என் மகனை நான் உப்புமூட்டை தூக்கினேன், நடு அறையில் நாலு சுற்று.

இப்போதெல்லாம் விளக்கமாகத்தான் சொல்கிறேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு தாத்தா பேரனைக் கூட்டிவந்தார், அதே பிசகல். கையைச் சரிசெய்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாம் பெரியவரே" என்று என் வாய் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லா நாளும் கூப்பிட முடியுமா, தெரியவில்லை. கூப்பிடாமல் விட்டால் ஒரு கையாவது தப்பிக்கும் என்றும் ஒரு மனசு சொல்கிறது.

காய்ச்சலுக்கு வந்த அன்றைக்கு அவரிடமும் சொல்லாமல் இல்லை. பாப்பாவை அக்குளில் கை கொடுத்து நானே தூக்கிக் காட்டினேன். "இப்படித் தூக்கலாம், உப்புமூட்டை தூக்கலாம், தோள்ல உட்கார வைக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றேன். என் கையில் அவள் விறைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அவரிடம் நீட்டினேன். ரொம்பக் கவனமாக, கண்ணாடிச் சாமான் வாங்குகிற மாதிரி வாங்கி, உடனே பெஞ்சில் உட்கார வைத்தார்.

"சரிங்க சார்" என்றார்.