அப்பா, அந்தப் பட்டனை மட்டும் கொஞ்சம் அழுத்துங்க

எங்கள் வீடு பாலக்கோட்டில். நான் வேலை பார்ப்பது பெங்களூரில். அப்பாவின் தக்காளி மண்டிக் கணக்கு முழுவதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வரத்து அதிகமாக இருக்கும் நாட்களில், ராத்திரி சாப்பிட்ட பிறகு நான்தான் இங்கிருந்தே அதில் நுழைந்து கணக்கை ஏற்றுவேன். ஆனால் அப்பா எட்டரைக்கே அதை அணைத்துவிடுவார். சும்மா ஓடும் எந்தப் பொருளும் அவருக்கு ஆகாது. தூங்கப் போனவரை போனில் எழுப்பி, "அப்பா, அந்தப் பட்டனை மட்டும் கொஞ்சம் அழுத்துங்க" என்று கெஞ்சுவது என் வழக்கமாகிவிட்டது. ஒருநாள் அவரே கேட்டார்: "ஏம்ப்பா, பெங்களூர்ல இருந்து கணக்கு எழுத முடியுது, பட்டன் அழுத்த முடியாதா?"

முடியும். வேக் ஆன் லேன் என்று பெயர். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அதன் நெட்வொர்க் கார்டு மட்டும் அரைத்தூக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். நாம் அனுப்ப வேண்டியது மேஜிக் பாக்கெட் என்கிற 102 பைட் செய்தி. முதல் 6 பைட்டும் எஃப்எஃப் என்ற ஒரே மதிப்பு, அப்புறம் அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரி 16 தடவை. அவ்வளவுதான். கும்பகர்ணனுக்கு மேளதாளம் தேவைப்பட்டது. இவனைப் பேர் சொல்லிப் பதினாறு தடவை கூப்பிட்டால் போதும்.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய் வேலையை ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் அதுவரை வைஃபையில் இருந்தது. முழுதாக அணைந்த கம்ப்யூட்டரை வைஃபை வழியாக எழுப்புவது பெரும்பாலும் நடக்காத காரியம் என்பதால், முன் கூடத்திலிருந்து பின் அறைக்கு லேன் கேபிள் இழுத்தேன். "சுவத்துல ஆணி அடிக்காதே" என்ற அம்மாவின் நிபந்தனைப்படி அது பரண் வழியாகச் சுற்றிப் போனது. கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் பகுதியான பயாஸில், கார்டு சொன்னால் எழுந்திருக்க வைக்கும் 'பவர் ஆன் பை பிசிஐஇ' என்பதை ஆன் செய்தேன். 'ஈஆர்பி' என்று ஒன்று இருக்கும். மின்சாரச் சிக்கனத்துக்காகக் கார்டுக்குப் போகும் கரண்டையே நிறுத்திவிடும் என்பதால் அதை ஆஃப் செய்தேன். விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் போய் மேஜிக் பாக்கெட்டுக்கு அனுமதி கொடுத்தேன். இத்தனைக்குப் பிறகும் எழவில்லை. குற்றவாளி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இருந்தால் ஷட்டவுன் உண்மையான ஷட்டவுனே இல்லை, அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்காகப் பாதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுப் படுப்பது. அதை நிறுத்தியதும், அணைத்த பிறகும் லேன் போர்ட்டில் சின்ன விளக்கு மினுக்கியது. அந்த விளக்குதான் அடையாளம். அது எரியவில்லையென்றால் பெரும்பாலும் வேறு எதையும் சோதித்துப் பயனில்லை.

வீட்டு வைஃபையில் இருந்தபடி போனில் மேஜிக் பாக்கெட் அனுப்பும் ஆப்பைத் தட்டினேன். எழுந்துவிட்டது! போனை மொபைல் டேட்டாவுக்கு மாற்றித் தட்டினேன். சத்தமே இல்லை.

வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் சரியாகத்தான் போட்டிருந்தேன்: யுடிபி 9 என்ற போர்ட்டுக்கு வருவது, கம்ப்யூட்டரின் வீட்டு முகவரியான 192.168.1.20க்கு. ஒரு மணி நேரம் கழித்துத்தான் ரவுட்டரின் வெளிப்பக்க ஐபியை, அதாவது இணைய முகவரியைப் பார்க்கத் தோன்றியது. 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது நம் சொந்த முகவரி இல்லை. நெட் கொடுப்பவர் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார் என்று அர்த்தம். சிஜிநாட் என்பார்கள். வெளியிலிருந்து வருவது அவர் வாசலோடு நின்றுவிடும். நம் ரவுட்டரில் எத்தனை கதவைத் திறந்து வைத்தாலும் தெருமுனை கேட் பூட்டியிருக்கிறதே. கேபிள் அண்ணனிடம் கேட்டதற்கு, தனி ஐபி தருவார்கள், மாதம் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார். சரி, கட்டினேன்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து அப்பாவை அணைக்கச் சொல்லிவிட்டு உடனே தட்டினேன். எழுந்தது. ஆபீஸிலேயே ஒரு டீ வாங்கிக் கொண்டாடினேன். ராத்திரி தட்டினால் எழவில்லை. மறுநாளும் அதே கதை. அணைத்த ஐந்து பத்து நிமிடத்துக்குள் கூப்பிட்டால் எழும். அதற்கு மேல் போனால் எழாது.

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க மூன்று ராத்திரி ஆனது. பாக்கெட் வந்ததும் ரவுட்டர் புதுப் போஸ்ட்மேன் மாதிரி, "யாருங்க இங்க 192.168.1.20?" என்று தெருவில் நின்று கேட்கும். அந்த முகவரிக்காரன் "நான்தான்" என்று தன் மேக் முகவரியைச் சொல்ல வேண்டும். தூங்குகிறவன் எப்படிப் பதில் சொல்வான்? முன்பு சொன்ன பதில் சில நிமிடம் ரவுட்டரின் நினைவில் இருக்கும், அதுவரைதான் பிழைப்பு. மறந்ததும் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடுகிறது. எல்லோருக்கும் கேட்கும்படி 192.168.1.255க்கு அனுப்பச் சொன்னால் தீரும். என் ரவுட்டர் அந்த எண்ணை ஏற்கவே மறுத்தது. ஐபியையும் மேக்கையும் நிரந்தரமாக முடிச்சுப் போட்டு வைக்கும் வசதியும் அதில் இல்லை. ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருள் போட்ட ரவுட்டரில் இதெல்லாம் சுலபம். சில ரவுட்டர்களின் செட்டிங் பக்கத்திலேயே எழுப்பும் பட்டன் இருக்கிறது. நெட் கனெக்‌ஷனோடு கொடுத்த என் பெட்டியில் எதற்கும் வழியில்லை.

கடைசியில் வெளியிலிருந்து கூப்பிடும் யோசனையையே விட்டுவிட்டேன். டிராயரில் கிடந்த பழைய ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை ரவுட்டர் பக்கத்தில் வைத்து, நம் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை அதில் போட்டேன். அது வீட்டுக்குள்ளிருந்து தானே வெளியே தொடர்பு கொள்வதால் சிஜிநாட் குறுக்கே நிற்பதில்லை. இப்போது நான் அதனிடம் போய் ஒரு வரிக் கட்டளை கொடுக்கிறேன். அது வீட்டுக்குள்ளேயே நின்று பெயரைக் கூப்பிடுகிறது. தனி ஐபியை வேண்டாம் என்று சொல்லி, ரவுட்டரில் திறந்த போர்ட்டையும் மூடினேன். முதலிலேயே இதைச் செய்திருந்தால் ஒரு மாதக் கூடுதல் கட்டணம் மிச்சம். தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் ரவுட்டரில் வழி திறந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது திண்ணையில் சாவியை வைத்துவிட்டுப் போவது மாதிரி.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. கோடை மழை வந்த ஒரு ராத்திரி, ராஸ்பெரி பை பதில் சொன்னது, கம்ப்யூட்டர் மட்டும் எழவில்லை. இருபது நிமிடம் எதையெதையோ சந்தேகப்பட்டுவிட்டு வீட்டுக்கு போன் போட்டேன்.

"இடி இடிச்சுது கண்ணு, பின் ரூம் சுவிட்சையெல்லாம் அணைச்சுட்டேன்" என்றார் அம்மா.

சுவிட்சைப் போட்ட பிறகும் எழவில்லை. என் போர்டில், கரண்ட் முழுதாக அறுந்துவிட்டால், விண்டோஸ் ஒரு தடவை ஏறி இறங்கினால்தான் கார்டு மறுபடி காது கொடுக்கும். பழையபடி அப்பாவை எழுப்பிப் பட்டனை அழுத்தச் சொன்னேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது பயாஸில், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி மாற்றி வைத்தேன். அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

போன வாரம் மறுபடி இடி. மழை விட்டதும் அம்மாவின் போன் வந்தது. "சுவிட்சைத்தான் போட்டேன், பட்டனைத் தொடவே இல்ல, பொட்டி தானா எரியுது. நீயா?"

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.