தொழில்: வீட்டு வேலை

கேஸ் முடிஞ்சு, பணமும் டெபாசிட் ஆகி, ஃபைலை கட்டி ரேக்ல மேல தூக்கி போட்டாச்சு. ஆனா பெட்டிஷன்ல ‘இறந்தவரின் தொழில்’னு வர்ற கட்டத்தை எழுதும்போது, செத்தவங்களோட பொண்ணுக்கும் எனக்கும் நடந்த பேச்சு மட்டும் என்னை விட்டு போக மாட்டேங்குது.

எம்சிஓபி, அதாவது வாகன விபத்து நஷ்டஈடு கேஸ் பாக்குற வக்கீல் ஆபீஸ்ல இருக்கவங்களுக்கு இது புதுசில்ல. செத்தது வேலைக்கு போகாத அம்மான்னா அந்தக் கட்டத்துல யாரும் வெறுமனே குடும்பத்தலைவின்னு விட மாட்டாங்க. டெய்லரிங், பால் வியாபாரம், பூ கட்டி விக்கிறது, ஏதாவது ஒண்ணு வந்து உக்காந்துக்கும், மாச வருமானம் 15,000. எங்க சீனியரும் "வீட்டுல தையல் மெஷின் இருக்கான்னு கேட்டு எழுதிடும்மா"ன்னு சொல்லிட்டு கோர்ட்டுக்கு கிளம்பிட்டார். கேட்டேன். இருந்துச்சு.

"அப்போ டெய்லரிங்னு போட்டுக்கலாம்ல?"

"அம்மா காசுக்கு தைக்கலையேக்கா. எங்களுக்குத்தான் தைச்சாங்க."

"அக்கம்பக்கத்துக்கு கூட தைச்சு குடுத்ததில்லையா?"

"குடுப்பாங்க. காசு வாங்க மாட்டாங்க."

அதோட நிக்கல அவ. தம்பியோட ஸ்கூல் பேன்ட் பத்தி சொல்ல ஆரம்பிச்சிட்டா. வருஷா வருஷம் புதுசு எடுக்க முடியாதுன்னு அவங்கம்மா கால்ல உள்பக்கமா துணி நிறைய விட்டு மடிச்சு தைச்சிடுவாங்களாம், பையன் வளர வளர ஒவ்வொரு மடிப்பா பிரிச்சு விடுவாங்களாம், பிரிச்ச இடத்துல மட்டும் துணி வெளுக்காம பட்டையா கோடு தெரியும்னு பையன் அழுவானாம். "இன்னும் ரெண்டு மடிப்பு இருக்குக்கா, எனக்கு பிரிக்கத் தெரியல, துணி கிழிஞ்சிருமோன்னு பயமா இருக்கு"ன்னா. நான் பேனாவை கையில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன், இதை எந்தக் கட்டத்துல எழுதுறது.

அப்பவும் நான் விடல. மெஷின்ல உக்காந்தது நெசம், உழைப்பு நெசம், கூலி வாங்கலங்கறதுக்காக அது வேலை இல்லன்னு ஆயிடுமா, அதனால டெய்லரிங்னு போட்டா முழுப் பொய்னு சொல்ல முடியாதுன்னு வக்கீல் மாதிரியே பேசினேன் (வக்கீல்தானே). அவ யோசிச்சிட்டு, "அப்போ காசு வாங்காம செஞ்சாங்கன்னே எழுதுங்கக்கா"ன்னா. தொழில், வீட்டு வேலைன்னு எழுதினேன். சீனியர் பாத்துட்டு ஒண்ணும் திட்டல, "கூண்டுல ஏறப்போறது அந்தப் பொண்ணு, அவளுக்கு எது வாயில வருதோ அதுதான் நிக்கும்"னு மட்டும் சொன்னார். அது எனக்கு அப்போ பெரிய ஆறுதலா இருந்துச்சு. இப்போ அவ்வளவா இல்ல.

சட்டமும் முன்ன மாதிரி இல்லையேன்னு ஒரு தைரியம்தான். 2001ல லதா வாத்வா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இல்லத்தரசியோட சேவைக்கு மாசம் 3,000னு ஒரு கணக்கு போட்டுச்சு. 2010ல இன்னொரு தீர்ப்புல, சென்சஸ்ல இவங்களை பிச்சைக்காரங்க, கைதிங்க கூட சேத்து வேலை செய்யாதவங்க லிஸ்ட்ல வச்சதை கோர்ட்டே கண்டிச்சுது. 2021 ஜனவரியில வந்த கீர்த்தி தீர்ப்புல ஜஸ்டிஸ் ரமணா தனியா ஒரு தீர்ப்பு எழுதி, 2019 சர்வே கணக்கை எடுத்துப் போட்டார், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம். அதை நாங்க எழுத்துபூர்வ வாதத்துல சேத்தோம். அந்தப் பொண்ணு டைப் பண்ண பேப்பரை வாங்கி படிச்சிட்டு, "அஞ்சு மணி நேரமா? இது யாரோட அம்மாக்கா?"ன்னு கேட்டா. சராசரிம்மான்னேன்.

கிராஸ்ல, அதாவது குறுக்கு விசாரணையில, இன்சூரன்ஸ் கம்பெனி சைடு வக்கீல் ரெண்டே கேள்விதான் அழுத்திக் கேட்டார். டெபொசிஷன்ல (கோர்ட்ல பதிவான அவ சாட்சியத்துல) அது இப்படி இருக்கு, ‘என் தாயார் எங்கும் வேலைக்குச் செல்லவில்லை என்றால் சரிதான். அவர் இறந்ததால் எங்களுக்குப் பண இழப்பு ஏதும் இல்லை என்றால் சரியல்ல.’ நான் உள்ளுக்குள்ள பயந்தது மூணாவதா ஒரு கேள்விக்கு. இப்போ வீட்டு வேலையெல்லாம் யார் பாக்குறாங்கன்னு கேட்டிருந்தா அவ நான்தான்னு சொல்லியிருப்பா. ரெகுலர் காலேஜை விட்டுட்டு கரஸ்ல மாறியிருந்தா, சமையல், தம்பி, அப்பாவோட மாத்திரை எல்லாம் அவதான். அப்போ இழப்பே இல்லையேன்னு அவர் வாதம் பண்ணியிருக்கலாம், சட்டத்துல அது நிக்காதுன்னாலும். அவர் கேக்கல. கேக்காம போனது நல்லதுன்னு அன்னைக்கு நிம்மதியா இருந்தேன், ஆனா அந்தக் கேள்வியை எங்க சைடுல இருந்தே யாரும் அவகிட்ட கேக்கலையே, நானும் சேத்துதான். அவ பேருக்கு நேரா மாணவின்னு போட்டிருந்தோம்.

அவங்கம்மா வருமானம் மாசம் 8,000னு கோர்ட்ல ஃபிக்ஸ் பண்ணாங்க. 48 வயசு, அதனால எதிர்கால வருமானத்துக்கு 25 சதவீதம் சேத்து 10,000, சொந்த செலவுன்னு மூணுல ஒரு பங்கு கழிச்சு, 12 மாசம், வயசுக்கு ஏத்த மாதிரி பெருக்குற மல்டிப்ளையர் 13. பத்து லட்சத்து நாப்பதாயிரம். பிள்ளைங்களுக்கு தாயன்பை இழந்ததுக்கு கன்சார்ஷியம் தனி, 2017ல சுப்ரீம் கோர்ட் 40,000னு சொன்னது, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை 10 சதவீதம் ஏறும், துக்கத்துக்கும் இன்க்ரிமெண்ட் உண்டு எங்க தொழில்ல.

அவ தொகையைப் பத்தி ஒண்ணும் கேக்கல. அந்த மூணுல ஒரு பங்கைத்தான் கேட்டா. "தனக்குன்னு எங்கம்மா என்னக்கா செலவு பண்ணாங்க?" 2009 சரளா வர்மா தீர்ப்புல இருந்து வர்ற கணக்குன்னு சொன்னேன். பதில் சரிதான்.

டெய்லரிங்னு போட்டு ஜட்ஜ் ஒரு 12,000 ஒத்துக்கிட்டிருந்தா பதினஞ்சு லட்சத்தை தாண்டியிருக்கும். அஞ்சு லட்சம் வித்தியாசம், அவ காலேஜ் ஃபீஸ், தம்பி படிப்பு. ரசீது இல்லாம யாரும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க, கிராஸ்ல மாட்டியிருப்பா, மொத்தத்தையும் சந்தேகப்பட்டிருப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். ஆனா ரசீது இல்லாமலே ஒத்துக்கிட்ட கேஸும் எங்க ரேக்லயே இருக்கு, அதையும் நான்தான் டிராஃப்ட் பண்ணேன். அப்பீலுக்கு 90 நாள் இருக்குன்னு சொன்னேன், அவங்கப்பா வேணாம்னுட்டார். அவ முடிவு அவளோடதுன்னு விட்டது மரியாதையா, இல்ல எனக்கு அது வசதியா இருந்துச்சா, தெரியல. மடிப்பு கதையை கேக்காம இருந்திருந்தா ரெண்டே நிமிஷத்துல டெய்லரிங்னு எழுதியிருப்பேன், அது மட்டும் தெரியும்.

இதை எங்கம்மாகிட்ட சொன்னேன். நீ செஞ்சதுக்கெல்லாம் கோர்ட்டு கணக்குல மாசம் எட்டாயிரம் வரும்மான்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவங்களுக்கு வந்துச்சு பாருங்க கோவம், "நான் என் புள்ளைங்களைப் பாத்தேன், எனக்கு எதுக்குடி சம்பளம் போடுற, நான் என்ன வேலைக்காரியா?"ன்னு ஒரு நாள் பூரா என்கிட்ட பேசல. சம்பளம்னு சொன்னதுக்கு கோவமா, எட்டாயிரம்னு சொன்னதுக்கு கோவமான்னு கேக்கணும்னு நினைக்கிறேன், கேட்டா இன்னும் ரெண்டு நாள் பேச மாட்டாங்க.