சொட்டு நீர் மானியம்: எங்களை அலையவிட்டது கூட்டுப் பட்டா

ஒருவழியாகப் போன வாரம் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் சொட்டு நீர் ஓட ஆரம்பித்துவிட்டது. இங்கே வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் முக்கால்வாசிக் காலம் குழாய்க்கோ பம்புக்கோ போகவில்லை, ஒரே ஒரு சான்றிதழுக்குப் போனது. கூட்டுப் பட்டாவில் நிலம் வைத்திருக்கிறவர்கள் விண்ணப்பிக்க நினைத்தால், சொட்டு நீர்க் கம்பெனிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

திட்டம் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். 5 ஏக்கருக்குள் இருக்கிற சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். உழவன் செயலியிலோ, நுண்ணீர்ப் பாசனத்துக்கென்று இருக்கிற மிமிஸ் இணையதளத்திலோ பதிவு செய்யலாம். மல்லிகை என்பதால் வேளாண்மைத் துறை இல்லை, தோட்டக்கலைத் துறைக்குப் போக வேண்டும். பதிவு, மண் பரிசோதனை, நீர் பரிசோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. சிக்கல் சிறு விவசாயி சான்றில் வந்தது. அது இல்லையென்றால் செலவில் கால் பங்கு நம் தலையில் விழும்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, நாகமலையைத் தாண்டி. அத்தை, அதாவது என் மாமியார் பெயரில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. மாமாவும் அவர் தம்பிகள் இரண்டு பேரும் எப்போதோ பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிட்டார்கள். பிறகு மாமா தன் பங்கை அத்தைக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி வைத்தார். பத்திரத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் பட்டாவில் மாமா பெயர் இருந்த இடத்தில் அத்தை பெயர் ஏறியதோடு சரி, நிலம் பிரியவில்லை. சிட்டாவை எடுத்தால் மேலே மூன்று பெயர், கீழே மொத்தமாக 2 ஹெக்டேர் 85 ஏர். அதாவது ஏழு ஏக்கர். யாருக்கு எவ்வளவு என்று அதில் இருக்காது.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கொஞ்ச நாளில் நிராகரித்துவிட்டதாகச் செய்தி வந்தது. காரணம், "ஆவணங்கள் போதுமானதாக இல்லை". எந்த ஆவணம் என்று ஒரு வார்த்தை இல்லை. நேரில் போய்க் கேட்டேன். மேசையில் இருந்தவர் சிட்டாவைப் பார்த்தார்.

"ஏழு ஏக்கர் இருக்கேம்மா. அஞ்சுக்கு மேல போனா சிறு விவசாயி கிடையாது."

"சார், அது மூணு பேருக்கும் சேர்த்து. எங்க பங்கு ஒன்றரைதான். பத்திரம் கொண்டு வந்திருக்கேன், பாருங்க."

"பத்திரமெல்லாம் நான் பார்க்கக் கூடாது. பட்டா என்ன சொல்லுதோ அதுதான்."

பிளாஸ்டிக் கவரிலிருந்து பத்திரத்தை வெளியில் எடுக்கவே விடவில்லை. சரி, என்ன செய்தால் சான்று கிடைக்கும் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அடுத்த முறை போனபோது வேறொருவர் இருந்தார். கூட்டுப் பட்டாதாரர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கி வரச் சொன்னார். ஒரு சின்ன மாமனார் திருப்பூரில் இருக்கிறார். வீட்டுக்காரர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். அதைக் கொண்டு போய்க் கொடுத்தால், "இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, உட்பிரிவு பண்ணித் தனிப்பட்டா வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு பூ சீசன் மிஞ்சியிருக்கும். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "உட்பிரிவு உள்ளது", "உட்பிரிவு அற்றது" என்று இரண்டு வகை இருக்கிறது. கூட்டுப் பட்டாவிலிருந்து பிரிந்து வர வேண்டுமென்றால் முதல் வகைதான். இரண்டாவதில் போட்டால் பட்டாவில் பெயர் மட்டும் மாறும், நிலம் பிரியாது. மாமா காலத்தில் எங்களுக்கு நடந்தது அதுதான். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிற தம்பி அவசரத்தில் எதையாவது அழுத்திவிடப் போகிறார், திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

விண்ணப்பித்த பிறகு சர்வேயருக்காகக் காத்திருந்தோம். போன் செய்தால் அடுத்த வாரம் என்பார். ஒரு நாள் வருகிறேன் என்றே சொன்னார். பக்கத்துக் காட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து, எல்லைக் கல்லைச் சுற்றிக் கிடந்த முள்ளை வெட்டிச் சுத்தம் செய்து, அத்தை வெயிலில் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வரை ஆள் வரவில்லை. வேறு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். கூலியை விட்டு வந்து நின்ற பக்கத்துக் காட்டுக்காரர்களின் முகத்தில் விழிக்கவே கஷ்டமாக இருந்தது.

வழி பிறந்தது ஜமாபந்தியில். வருடா வருடம் கோடையில் தாலுகாவில் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்வார்களே, அங்கே பொதுமக்கள் மனு கொடுக்கலாம். நம் குறுவட்டத்துக்கு எந்த நாள் என்று முன்னாலேயே அறிவிப்பார்கள், இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மனுவில் கதை எழுதாதீர்கள். விண்ணப்ப எண், தேதி, சர்வே எண், எவ்வளவு நாளாக நிலுவையில் இருக்கிறது என்ற நான்கும் போதும். ஒப்புகைச் சீட்டு நகலை மேலே வைத்துப் பின் பண்ணுங்கள். ஜமாபந்தி அதிகாரி அதைப் படித்துவிட்டு சர்வேயரை அங்கேயே எழுப்பி, "ஏன் இன்னும் அளக்கலை?" என்று கேட்டார். அவர் எங்களுக்கு முன்னாலேயே தேதி சொன்னார். சொன்ன தேதிக்கு வந்தார், அளந்தார், கல் நட்டார். புது உட்பிரிவு எண்ணோடு அத்தை பெயர் மட்டும் போட்ட சிட்டா கைக்கு வந்தபோது அத்தை அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு சிறு விவசாயி சான்று ஒரு கேள்வியும் இல்லாமல் வந்துவிட்டது.

இன்னொரு காகிதம், அடங்கல். அதில் நம் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வருடம் முழுக்கப் பூப் பறிக்கிற எங்கள் நிலத்துக்கு "தரிசு" என்று இருந்தது. நல்லவேளை, புது கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்து மாற்றிக் கொடுத்தார்.

இனி கம்பெனி. பட்டியலில் இருக்கிற கம்பெனிகளில் எது வேண்டும் என்று நாம்தான் தேர்வு செய்ய வேண்டும். அத்தைக்குத் தெரிந்தவர் சொன்ன ஒன்றை எடுத்தோம். வந்த பையன் தோட்டத்துக்குள் இறங்கவே இல்லை, ரோட்டோரம் வண்டியில் உட்கார்ந்தபடியே போனில் நாலு மூலையையும் குறித்துக்கொண்டு போய்விட்டார். வரைபடம் வந்தது. எங்கள் செடி நாலடிக்கு நாலடி. அதில் பக்கவாட்டுக் குழாய் ஐந்தடிக்கு ஒன்று. அப்படிப் போட்டால் முதல் வரிசையில் செடியோரம் போகும் குழாய் நாலாவது வரிசைக்குள் பாத்திக்கு நடுவே போய்விடும். களைக்குத்தான் தண்ணீர் கிடைக்கும். நான் டேப்பை எடுத்து வரிசை வரிசையாக அளந்து, படம் எடுத்துத் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டினேன். அங்கிருந்த உதவி அலுவலர் வரைபடத்தைத் திருப்பி அனுப்பினார். குழாய் நெருக்கமானால் மதிப்பீடும் கூடும், மானியத் தொகையும் அதற்கேற்ப மாறும். ஆகவே இதை வேலை உத்தரவு வருவதற்கு முன்னாலேயே சரிபார்க்க வேண்டும், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அந்த உதவி அலுவலர் சொன்ன ஒரு வார்த்தையை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். "கடைசிச் செடியில தண்ணி சொட்டுறதைப் பார்க்காம கையெழுத்துப் போட்றாதீங்கம்மா." மானியப் பணம் நம் கைக்கு வருவதில்லை, கம்பெனிக்குப் போகிறது. வேலை முடிந்தது, திருப்தி என்று நாம் போடுகிற கையெழுத்துதான் நம்மிடம் இருக்கிற ஒரே பிடி. குழாயை விரித்த அன்றைக்கே காகிதத்தை நீட்டினார்கள். நான் மோட்டாரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். போட்டால் மேற்குக் கடைசி ஆறு வரிசையில் தண்ணீரே இல்லை. துணைக் குழாயில் ஒரு இணைப்பு ஒட்டவே இல்லை, மண்ணுக்குள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. தோண்டிச் சரிசெய்ய வைத்தேன். எங்களுடையது திறந்த கிணறு, பாசி உண்டு. வலை வடிகட்டி மட்டும் வைத்திருந்தார்கள். மதிப்பீட்டில் வட்டு வடிகட்டி என்று இருந்ததை விரல் வைத்துக் காட்டினேன், மாற்றிக் கொடுத்தார்கள். மதிப்பீட்டு நகல் கையில் இல்லாவிட்டால் வாயால் சொல்லி ஒன்றும் நடந்திருக்காது. பக்கவாட்டுக் குழாயின் மேல் அச்சடித்திருப்பதையும் பாருங்கள். தண்ணீர் சொட்டுகிற துளை அமைப்பை, அதாவது சொட்டுவானை, உள்ளேயே பதித்த குழாய் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 13488 என்ற எண் இருக்கும். சாதாரணப் பக்கவாட்டுக் குழாய்க்கு 12786.

எங்களுக்குக் கைக்காசு போனது குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிய கூலிக்கு மட்டும்தான். அது யார் செலவு என்று முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் கார்த்திகையில் கவாத்து முடிந்த கையோடு குழாய் போடுங்கள். செடி குட்டையாக இருக்கும், ஆட்கள் உள்ளே நடந்தாலும் மொட்டு உதிராது. எங்களுக்கு அந்த நேரம் தப்பிப்போனதால் பூ நிற்கும்போதே வேலை நடந்தது. மிதிபட்டது கொஞ்சமில்லை.

விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் கரண்ட் பில்லில் மிச்சம் என்று சொல்ல முடியாது. மிச்சம் மடை மாற்றுகிற கூலியில் இருக்கிறது. முன்பு கோடையில் கிணறு ஊறுகிற தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு பாய்வதற்குள் தீர்ந்துவிடும். மாட்டுத்தாவணிப் பூச் சந்தையில் பூ என்ன விலைக்குப் போனாலும் எங்கள் செடியில் மொட்டு சிறுத்திருக்கும். இப்போது அதே ஊற்றில் ஒன்றரை ஏக்கரும் நனைகிறது. பாத்தி நடுவில் மண் காய்ந்தே இருப்பதால் களையும் குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

வேலை உத்தரவு, மதிப்பீடு, வாரண்டி அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க 7 வருடம் கழிய வேண்டும், அன்றைக்கு இந்தக் காகிதங்களைத்தான் கேட்பார்கள். திருப்பூர் சின்ன மாமனார் இப்போது தன் பங்குக்கு உட்பிரிவு போட்டிருக்கிறார். எங்கள் மனு நகலை வாங்கிப் போயிருக்கிறார்.