பித்தநாளத்தின் அடிமுனை: தருமபுரி ஸ்கேன் அறை நாட்குறிப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

பென்னாகரம் பக்கத்து ஆயா. வயது 68. வலது விலாவுக்குக் கீழே வலி, ராத்திரியில் முதுகுவரை இழுக்கிறதாம். ஸ்கேன் கருவியின் புரோப்பை வயிற்றில் வைத்தால் பித்தப்பை சுருங்கிக் கிடக்கிறது.

"காலையில என்ன சாப்ட்டீங்க ஆயா?"

"ஒரு உருண்ட களிதான் கண்ணு. கடலச் சட்னி தொட்டுக்கிட்டேன்."

சட்னியின் கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதுமே கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து பையைப் பிழிந்துவிடும். நிறைந்திருந்தால் 7 முதல் 10 செ.மீ. நீளம், 30 முதல் 50 மி.லி. பித்தம். சுருங்கினால் உள்ளே கல் இருப்பது மறைந்துபோகலாம். சுவரும் தடித்த மாதிரி தெரியும். அதை அழற்சி என்று எழுதிவிடக் கூடாது. நாளை வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். இன்னொரு நாள் கூலி போச்சு என்று மகன் முணுமுணுத்தார். நியாயம்தான். சீட்டு போடும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும். இனி நானே சொல்லப் போகிறேன்.

மார்ச் 5, புதன்

இன்று பை நிறைந்திருந்தது. மூன்று கற்கள், வெள்ளையாக மினுங்கி, பின்னால் கரிய நிழல். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதும் உருண்டன. கல்தான்.

என்னை நிறுத்தியது பித்தநாளம், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய். கல்லீரலின் வாயிலில், குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்கு முன்னால் ஓடும் அதை இரத்தக்குழாய் என்று மயங்கிவிடக் கூடாது. இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் போட்டேன், ஓட்டம் இல்லை. அகலம் 11 மி.மீ. வழக்கமாக 6-க்குள் இருக்கும். வயதுக்குக் கொஞ்சம் கூட்டினாலும் 11 அதிகம். கீழே ஏதோ அடைக்கிறது.

அந்தக் கீழ்ப்பகுதிதான் கண்ணுக்கு அகப்படவில்லை. பொதுப் பித்தநாளம், சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தின் பின்னால் இறங்கி, கணையத் தலைக்குள் புதைந்து, கணைய நாளத்தோடு சேர்ந்து குடலில் திறக்கிறது. முன்னால் குடல் காற்று. காற்றைத் தாண்டி அல்ட்ராசவுண்ட் போகாது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தேன், வலப்பக்கம் திருப்பினேன், உட்கார வைத்தும் பார்த்தேன். கணையத் தலை அரைகுறையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆயா கொண்டுவந்த பையில், வேறொரு இடத்தில் போன மாதம் எடுத்த ரிப்போர்ட் இருந்தது. "பித்தநாளம் இயல்பு." அப்போது இயல்பாகவே இருந்திருக்கலாம், கல் பிறகு இறங்கியிருக்கலாம். ஆனால் அளவும் இல்லை, எதுவரை பார்த்தார்கள் என்பதும் இல்லை. அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு மாதம் வலியோடு வீட்டில் இருந்திருக்கிறார். எனக்கு அது ஆறவில்லை. நான் எழுதினேன்: "நாளம் 11 மி.மீ., அடிமுனை தெரியவில்லை, எம்.ஆர்.சி.பி. தேவை." பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அது.

மார்ச் 7, வெள்ளி

பித்தத்தின் மஞ்சள் நிறமியான பிலிருபின் இரத்தத்தில் ஏறியிருக்கிறது, கண்ணிலும் மஞ்சள். காய்ச்சலோ குளிரோ வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"சி.டி. ஸ்கேன் எடுத்தா போதாதாங்க டாக்டரம்மா?" என்றார் மகன். கொலஸ்ட்ரால் கல் பல நேரம் பித்தத்தின் அடர்த்தியிலேயே இருக்கும், சி.டி.யில் தனியாகத் தெரியாது என்று விளக்கினேன். சாதாரண எக்ஸ்ரேயில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பித்தக்கற்கள்தான் தெரியும். 1924-இல் அமெரிக்க மருத்துவர்கள் கிரஹாமும் கோலும் பையை எக்ஸ்ரேயில் தெரியவைக்க மருந்து தேடியது அதனால்தான்.

மார்ச் 12, புதன்

சேலத்தில் எடுத்த எம்.ஆர்.சி.பி. படம் வந்தது. ஊசி மருந்து எதுவும் இல்லாமலே, தேங்கிய பித்தம் வெள்ளையாக ஒளிர்கிறது. கல்லீரலுக்குள் கிளைகள், நடுவில் அடிமரம், அடியில் ஒரு கரும்புள்ளி. 8 மி.மீ. கல். முன்னதாக ஆயாவுக்கு அன்னாசி ஜூஸ் கொடுத்தார்களாம். அதிலுள்ள மாங்கனீஸ் குடல் நீரைப் படத்தில் கருப்பாக்கி நாளத்தை எடுத்துக் காட்டும். வெள்ளிக்கிழமை இ.ஆர்.சி.பி.யில், அதாவது வாய்வழியே குழாய் விட்டு, அந்தக் கல்லை எடுக்கிறார்கள். பித்தப்பைக்கு அறுவை பிறகு.

என் 5-ஆம் தேதிப் படங்களைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். கல் இருந்த இடத்தில் என் படத்தில் காற்றின் நிழல் மட்டும். எங்கள் ரிப்போர்ட் படிவத்தில் இன்று ஒரு வரி சேர்த்தேன்: "நாளம் பார்க்கப்பட்டது எதுவரை?"