விசில் ஊதின பிறகு விழுந்த குத்து

கோத்தகிரி பக்கத்தில் போன ஞாயிறு ஃபுட்பால் ஆட்டம். ரெஃப்ரி விசில் ஊதி, பந்து நின்ற பிறகு ஒரு பையனுக்கு வாயில் குத்து விழுந்தது. உடைந்த முன்பல்லின் துண்டு ரத்தத்தோடு ஜெர்சி காலரில் ஒட்டியிருந்தது. "விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும், பேசி முடிச்சுக்கலாம்" என்று பெரியவர்கள் வந்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

மைதானத்தில் இறங்கிவிட்டால் எல்லா அடிக்கும் சம்மதம் என்று அர்த்தமா? இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆவது பிரிவு (பழைய இ.பி.கோ. 87) பொழுதுபோக்காக வாள்வீச்சு ஆடும் இருவரையே உதாரணம் காட்டுகிறது. நேர்மையாக ஆடும்போது காயம் பட்டால் குற்றமில்லை. பந்துக்குப் போய்க் கால் இடறினால் கேஸ் இல்லை, சரி. வேண்டுமென்றே கொடுங்காயம் உண்டாக்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பல் உடைந்தாலும் எலும்பு முறிந்தாலும் சட்டப்படி கொடுங்காயம்தான். அதை வேண்டுமென்றே செய்தால் 7 ஆண்டு வரை சிறை. இன்னொன்று, அந்தப் பிரிவு சொல்லும் சம்மதம் 18 வயது தாண்டியவர்களுடையது. நம்ம டீம்களில் எத்தனை பேர் பிளஸ் டூ பசங்க!

அடிபட்டால் அரசு ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "வழுக்கி விழுந்துட்டேன்" என்று ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால் அப்புறம் கேஸ் நிற்பது கஷ்டம். இந்தப் பையனையும் அப்படித்தான் சொல்லச் சொன்னார்களாம். பெரியவர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல் கட்டும் செலவுக்கு நஷ்டஈடு கேட்டுத் தனியாக சிவில் வழக்கும் போடலாம்.